நாற்பது வயது ஆண்

என் அக்கா என்னைவிடப் பதினேழு நிமிஷம் மூத்தவள். இரட்டைப் பிள்ளைகளில் யார் முதலில் வந்தால் என்ன என்று கேட்பவர்கள் இரண்டாவதாகப் பிறந்து பார்க்க வேண்டும். நாற்பத்து நான்கு வருஷமாக அந்தப் பதினேழு நிமிஷத்தை வைத்தே அவள் என்னை ஆட்டிப் படைக்கிறாள். ஜன்னலோர சீட் அவளுக்கு. முதல் குளியல் அவளுக்கு. கேக்கில் பெரிய துண்டு அவளுக்கு. ஆறு வயதில் ஒரே ஒரு நாள் 'அக்கா' போடாமல் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், ஒரு பல் போயிற்று. "பால் பல்தானே, எப்படியும் விழுந்திருக்கும்" என்று அம்மா தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

இந்தப் பதினேழு நிமிஷத்துக்கு ஒரே சாட்சி அப்பா. அம்மா மயக்க மருந்தில் இருந்தாளாம். வெளியே வராந்தாவில் நின்றிருந்த அப்பாவிடம் ஒரு நர்ஸ் வந்து, "பொண்ணு ஒண்ணு, பையன் ஒண்ணு, பதினேழு நிமிஷ வித்தியாசம்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். பெண்ணை முதலில் சொன்னதால் பெண் முதலில் என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். அப்பா வாழ்க்கையில் எடுத்த முடிவுகள் மொத்தம் மூன்று. அதில் இது ஒன்று.

எனக்குக் கண்ணாடிக் கடை. மூக்குக் கண்ணாடி. உட்கார்ந்த இடத்தில் வேலை. ஸ்டூலில் ஏறி மேல் தட்டிலிருந்து ஒரு ஃபிரேம் பெட்டியை எடுப்பதற்குள் எனக்குக் கால் இரண்டும் உதறும். கூடவே பிறந்தவளோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாள், தரையிலிருந்து நாற்பது மீட்டர் உயரத்தில். ஒரு குளியலறை அளவுக்குக் கேபின், அதற்குக் கண்ணாடித் தரை. அதில் குனிந்து உட்கார்ந்து, இரண்டு கையிலும் இரண்டு பிடியைப் பிடித்துக்கொண்டு, கப்பலிலிருந்து லாரிக்குக் கன்டெய்னர்களை இறக்குவாள். லாரியின் நான்கு மூலையிலும் இருக்கும் கட்டைவிரல் அளவு கொக்கிகளில் அந்த இரும்புப் பெட்டி சத்தமில்லாமல் போய் உட்காரும். அதே கை வீட்டில் ஒரு டம்ளரை மேஜையில் வைத்தால் தண்ணீர் பாதி தரையில் இருக்கும். நடந்தால் கதவு நிலையில் இடித்துக்கொள்வாள். உயரத்தில்தான் அவளுக்கு உடம்பு ஒழுங்காக வேலை செய்கிறது.

அறுபது ஆபரேட்டர்களில் அவள் ஒருத்திதான் பெண். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஏணியில் ஏறிய அன்று, பாதியில் அழுதுகொண்டே இறங்குவாள் என்று கீழே நின்று வேடிக்கை பார்த்தார்களாம். இப்போது காற்று பலமாக அடித்தால் "மேலக்காவைக் கூப்பிடுங்க" என்கிறார்கள். துறைமுகத்தில் அவள் பெயர் அதுதான். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. எனக்குப் பெண் அமையவில்லை. அவளுக்குக் கீழே இறங்கி மாப்பிள்ளை பார்க்க நேரம் அமையவில்லை. அதனால் அம்மா அப்பாவோடு ஒரே வீட்டில், ஒரே குளியலறைக்காக இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டிய இன்னொரு விஷயம், அவளுக்குக் கிட்டத்துப் பார்வை போய் இரண்டு வருஷம் ஆகிறது. நாற்பதைத் தாண்டினால் எல்லோருக்கும் வருவதுதான். மருந்துச் சீட்டைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடிப்பாள். பிறகு கையும் போதாமல் தலையைப் பின்னால் சாய்ப்பாள். என் தொழில் இதுதானே, பார்த்ததும் பவர் சொல்லிவிடுவேன். ஒன்றரைக்கு ஒரு கண்ணாடி செய்து கொடுத்தேன். தூக்கி எறியாத குறை.

"எனக்கா கண்ணாடி? மேல இருந்து லாரிக்காரன் சட்டையில எத்தனை பொத்தான் போட்டிருக்கான்னு சொல்வேன்டா நான்."

"அது தூரம். இது கிட்ட."

"எனக்குக் கிட்ட ஒண்ணும் பார்க்க வேண்டியதில்ல. கிட்ட இருக்கிறது நீதான்."

அந்தக் கண்ணாடியை அன்றிலிருந்து என் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். என்றைக்காவது வழிக்கு வருவாள் என்று ஒரு நப்பாசை.

இந்த வருஷம் துறைமுக மருந்தகத்தில் ஈசிஜி எடுக்கப் புது மெஷின் வந்தது. பழைய மெஷின் கோடு மட்டும் போடும். அந்தக் கோட்டைப் பார்த்து நெஞ்சு நன்றாக இருக்கிறதா என்று சொன்னது பழைய டாக்டர். அவர் ஓய்வு பெற்றார், மெஷினையும் கூடவே மூட்டை கட்டிவிட்டார்கள். புது மெஷின் கோட்டையும் போட்டு, அடியில் தீர்ப்பையும் தானே அச்சடித்துவிடும். புதிதாக வந்த டாக்டருக்குக் கையெழுத்து போடும் வேலை மட்டும் பாக்கி.

வருஷா வருஷம் நடக்கும் உடல் பரிசோதனையில், அக்காவின் தாளில் அடியில், 'இதயம் மீளும் நேரம் அளவைத் தாண்டியுள்ளது' என்று வந்தது.

டாக்டர் நல்ல மனுஷன்தான். நிதானமாகத்தான் சொன்னாராம். "நெஞ்சு ஒவ்வொரு தடவை அடிச்சதும், அடுத்த அடிக்குள்ள தன்னைத் தயார் பண்ணிக்கணும். உங்களுக்கு அந்த நேரம் அளவைவிட அதிகம். ரொம்ப அதிகமானா சில பேர் திடீர்னு மயங்கி விழலாம். உங்களை உயரத்துக்கு அனுப்ப நான் கையெழுத்து போட முடியாதும்மா. இதய டாக்டர்கிட்ட காட்டிச் சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க."

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், துறைமுகத்துக்குப் புதுக் கிரேன் ஒன்று வந்து நின்றிருந்தது. அதை அக்காவுக்குத் தருவதாக ஃபோர்மேன் வாக்குக் கொடுத்திருந்தார். பன்னிரண்டு நாளில் ஒப்படைப்பு. அதற்குள் சர்டிபிகேட் வராவிட்டால் கிரேன் வேறு ஆளுக்கு, அக்காவை இப்போதைக்கு உட்கார வைத்த, வாசல் கேட்டில் லாரிச் சீட்டுக்கு முத்திரை குத்தும் நாற்காலியே நிரந்தரம். "உட்கார்ந்த வேலைதானேம்மா, நல்லதுதான்" என்றாராம் ஃபோர்மேன். அவருக்கு ஐம்பத்தேழு வயது, நான்கு படி ஏறினால் மூச்சு வாங்கும். அவர் வாயால் இதைக் கேட்டதுதான் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

வீட்டில் விஷயம் தெரிந்ததும் விசாரணைக் கமிஷன் ஆரம்பித்தது.

"எங்க பக்கத்துல யாருக்கும் நெஞ்சுக் கோளாறு கிடையாது" என்றாள் அம்மா. "எங்க அப்பா தொண்ணூத்தொரு வயசு வரைக்கும் சைக்கிள் ஓட்டினார். இதெல்லாம் உங்க அப்பா பக்கம்தான்."

அப்பா பேப்பரை இறக்கினார். "என் பக்கம் யாரு?"

"உங்க சித்தப்பா. கல்யாணத்துல மயங்கி விழலையா?"

"அது பொண்ணு வீட்டுல போட்ட நகையைப் பார்த்து விழுந்தான்."

இதற்கு மேல் அப்பா பேசவில்லை, பேப்பரைத் தூக்கிக்கொண்டார். ஆனால் அன்றிலிருந்து அம்மா அக்காவை ஒரு வேலையும் செய்யவிடவில்லை. மாடிப்படி ஏறாதே, வாளி தூக்காதே, டிவியில் சண்டை வந்தால் வேறு சேனல் மாற்று. கதவைச் சத்தமாகச் சாத்தினேன் என்று எனக்குத்தான் திட்டு விழுந்தது. மூன்றாவது நாள் அக்கா தன் முதல் குளியலை எனக்கு விட்டுக்கொடுத்தாள். நாற்பத்து நான்கு வருஷமாக நான் கேட்ட வரம். போய்க் கதவைச் சாத்தினேன். ஒரு சொம்பு ஊற்றிக்கொள்ள மனசு வரவில்லை.

கேட்டில் உட்கார்ந்து அவள் செய்த அட்டகாசத்தையும் சொல்ல வேண்டும். மேலே இருந்து பதினோரு வருஷம் பார்த்த லாரிக்காரர்களை முதல் முறையாக முகத்துக்கு நேரே பார்த்தாள். "நீதானே சிவப்பு லாரி? மூணு வருஷமா வண்டியை ஒரு அடி இடதுபக்கம் தள்ளியே நிறுத்துறே. உன்னால என் கழுத்து சுளுக்கிக்கிட்டுது தெரியுமா?" என்று ஒருவனை நிறுத்தி வைத்துக் கேட்டாளாம். பின்னால் இருபத்திரண்டு லாரி நின்றது. முத்திரையை ஓங்கிக் குத்தியதில் மேஜையின் ஒரு கால் ஆடத் தொடங்கியது. நெஞ்சு பலவீனமான ஆள் இப்படி முத்திரை குத்துமா என்று ஃபோர்மேனுக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

நான்காவது நாள் மதியம் அவள் என் கடைக்கு வந்தாள். பார்வை சோதிக்கும் நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிரே எழுத்துப் பலகை. கடைசி வரி வரைக்கும் மளமளவென்று படித்துவிட்டுச் சும்மா இருந்தாள். சும்மா இருப்பது அவள் வழக்கமே இல்லை.

"மேல கேபின்ல கதவைச் சாத்திட்டா சத்தமே இருக்காதுடா" என்றாள். "பதினோரு வருஷத்துல ஒரு தடவைகூட என் நெஞ்சு அடிக்கிற சத்தத்தை நான் கேட்டதில்ல. இப்போ அத்தனை லாரி ஹாரனுக்கு நடுவுலயும் அதுதான் கேட்குது. ஒவ்வொரு அடிக்கும் அப்புறம், அடுத்தது வருமான்னு காத்துக்கிட்டிருக்கேன்."

எனக்குப் பயமாக இருந்தது. அவள் இல்லாமல் நான் பூமியில் இருந்தது ஒரு நிமிஷம்கூட இல்லை. அவளோ நான் இல்லாமல் பதினேழு நிமிஷம் இருந்து பழகியவள்.

"எனக்கு வந்திருந்தா பரவாயில்லக்கா" என்றேன். "நான் உட்கார்ந்தே வேலை பார்க்கிறவன்."

"வாயைக் கழுவு" என்றாள். கொஞ்சம் தெம்பு வந்துவிட்டது அவளுக்கு.

மறுநாள் நால்வரும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அம்மா அப்பாவை விட்டுவிட்டுப் போக முடியவில்லை. தன் பக்கத்துக்குப் பழி வந்துவிடுமோ என்று இருவருக்குமே பயம். இதய டாக்டர் ஒரு பெண், கொண்டையில் பேனாவைச் சொருகியிருந்தார். நானும் அக்காவும் இரட்டை என்று அம்மா சொன்னதும் பேனாவை உருவி எடுத்துவிட்டார்.

"ஆணும் பெண்ணுமா? ஒரே வயசு, ஒரே அப்பா அம்மா. அப்பா அம்மாவும் கூடவே வந்திருக்கீங்க!" லாட்டரி விழுந்த முகம் அது. பரம்பரையாக வரும் சின்னச் சின்ன மாற்றங்கள் நெஞ்சின் தாளத்தை எப்படி மாற்றுகின்றன என்று குடும்பம் குடும்பமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாராம். அக்காவுக்குப் பார்ப்பதோடு எங்களுக்கும் ஈசிஜி எடுத்து, ஆளுக்கொரு குழாயில் எச்சில் துப்பித் தர முடியுமா என்று கேட்டார். அப்பா உடனே குழாயை நிரப்பிக் கொடுத்தார். வீட்டில் பேசாமல் சேர்த்து வைத்தது போலிருந்தது.

நான்கு ஈசிஜியையும் மேஜையில் பரப்பினார் டாக்டர். நெஞ்சு மீளும் நேரத்தை மில்லி செகண்டில் அளக்கிறார்கள். எனக்கு நானூற்று முப்பத்தொன்று. அக்காவுக்கு நானூற்று ஐம்பத்தாறு.

"பார்த்தியா, இதுலயும் எனக்குத்தான் அதிகம்" என்று அக்கா என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, உடனே முகம் வாடினாள்.

"நார்மல்" என்றார் டாக்டர்.

"எது?"

"ரெண்டும்தான். பெண்களுக்கு இந்த நேரம் கொஞ்சம் நீளம்தான். ஆண்களுக்கு நானூத்தம்பதுக்கு மேல போனா யோசிப்போம். பெண்களுக்கு நானூத்தறுபது வரைக்கும் விடுவோம். உங்களுக்கு இன்னும் நாலு பாக்கி இருக்கு."

"நாலுதானா?"

"கிரேன்ல நாலு சென்டிமீட்டர் கம்மியா?"

அக்காவுக்கு அந்தக் கணக்கு உடனே புரிந்தது. கிரேனில் நான்கு சென்டிமீட்டர் என்பது நிறைய இடம்.

அம்மாவுக்குப் பரம்பரை விஷயம் முடிந்தாக வேண்டும். "இது யார் பக்கத்துல இருந்து வந்தது டாக்டர்?"

"குழம்புல பத்துப் பேர் ஆளுக்கு ஒரு சிட்டிகை உப்பு போட்டா, கரிச்சது யாரால்னு சொல்ல முடியுமாம்மா? இந்த நேரத்தைக் கூட்டுறதும் குறைக்கிறதும் அப்படித்தான். ஊர்ல பாதிப் பேர்கிட்ட இருக்கிற சாதாரண மாற்றங்கள். ஒவ்வொண்ணும் ஒரு மில்லி செகண்ட், ரெண்டு மில்லி செகண்ட் கூட்டும். உங்க பக்கத்துல இருந்தும் வரும், ஐயா பக்கத்துல இருந்தும் வரும். இதுல சிலது பெண்கள்கிட்ட கொஞ்சம் அதிகமா வேலை காட்டுது, சிலது வயசு ஏற ஏற மாறுது. எது எதுன்னு தேடத்தான் உங்க எச்சில். சின்ன வயசுல பையனுக்கும் பொண்ணுக்கும் இந்த நேரத்துல பெரிய வித்தியாசம் கிடையாது. வயசுக்கு வரும்போது பையன்களுக்குக் குறையுது. வயசான பிறகு ரெண்டும் மறுபடி கிட்டக் கிட்ட வந்துடும்."

அப்பாவின் தாளையும் தன் தாளையும் அம்மா எட்டிப் பார்த்தாள். நானூற்று நாற்பத்து நான்கு, நானூற்று நாற்பத்தேழு. "ஐம்பது வருஷம் ஆச்சு, இதுல ஒண்ணுலயாவது ஒத்துப்போச்சே" என்றாள். அப்பா சிரித்தார். நான் பார்த்தேன்.

ஆனால் அக்காவுக்கு நெஞ்சு ஆறவில்லை. மேலிருந்து பார்த்துப் பழகியவள் இல்லையா, ஒரு கொக்கி பொருந்தாவிட்டாலும் பெட்டியை இறக்க மாட்டாள். "அப்போ துறைமுக மெஷின் ஏன் அப்படிச் சொல்லிச்சு?" என்று கைப்பையிலிருந்து மருந்தகத் தாளை எடுத்தாள். எட்டாக மடித்திருந்தது. டாக்டர் பிரித்துப் பார்த்தார். அதிலும் நானூற்று ஐம்பத்தாறு. ஒரே நெஞ்சு, ஒரே எண், ஆனால் தீர்ப்பு மட்டும் வேறு.

தாளின் மேல் மூலையில் எறும்பு வரிசை மாதிரி ஏதோ அச்சாகியிருந்தது. மடிப்பில் தேய்ந்து போயிருந்தது. டாக்டர் கண்ணைச் சுருக்கினார். நான் கழுத்தில் தொங்கிய பூதக்கண்ணாடியை எடுத்து வைத்தேன். ஃபிரேம் திருகாணிக்காக அது எப்போதும் என் கழுத்தில்தான் இருக்கும்.

"பாலினம், ஆண்" என்று படித்தேன். "வயது, நாற்பது."

அப்பாதான் முதலில் வாயைத் திறந்தார். "நர்ஸ் என்கிட்ட பொண்ணுன்னுதான் சொன்னா."

அடுத்த அரை மணியில் துறைமுக மருந்தகத்தில் இருந்தோம். அக்கா முன்னால், நான் பின்னால், டாக்டர் எழுதிக் கொடுத்த சர்டிபிகேட் என் கையில். அம்மா அப்பாவை ஆட்டோவிலேயே உட்கார வைத்துவிட்டோம்.

ஈசிஜி எடுப்பவர் நெஞ்சில் ரப்பர் குமிழ்களை ஒட்டும் வேலையில் இருபது வருஷம் போட்டவர். அவர் ஒருநாளும் தப்பு செய்தவர் இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். அக்கா அவரைப் பார்க்கவில்லை, நேராக மெஷினைப் பார்த்தாள். பக்கவாட்டில் நான்கு பொத்தான்கள். நான்கின் மேலும் பிளாஸ்டர் ஒட்டி, அதன் மேல் பேனாவால் 'தொடாதே' என்று எழுதியிருந்தது.

"இது என்ன?"

"அது செட்டிங்க்கா. வயசு, ஆணா பெண்ணான்னு கேட்கும். ஒரு ஆளுக்கு ஒன்பது தடவை அழுத்தணும். அறுபது பேர் வரிசையில நிப்பாங்க. முதல் நாளே ஒரு தடவை போட்டு ஒட்டிட்டேன்."

"ஆண், நாற்பதுன்னு."

"சராசரி பார்த்துத்தான் போட்டேன்க்கா" என்றார் அவர், தன் நியாயத்தில் முழு நம்பிக்கையோடு. "இங்க ஆம்பளைங்கதானே வருவாங்க."

"நான்?"

"நீங்க ஒருத்தர்தானேக்கா."

அதுவரை அந்தத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய இருபத்தைந்து வயதுப் பிள்ளையும், ஐம்பத்தேழு வயது ஃபோர்மேனும், என் அக்காவும், மெஷின் கணக்கில் அறுபத்தொரு நாற்பது வயது ஆம்பளைகள். அக்கா கத்துவாள் என்று நான் இரண்டு அடி தள்ளி நின்றேன். அவள் கத்தவில்லை. பிளாஸ்டரின் ஓரத்தை நகத்தால் நெம்பி, ஒரே இழுப்பில் உரித்தாள். பிறகு கட்டிலில் போய்ப் படுத்து, "ஒன்பது தடவை அழுத்துங்க" என்றாள். "நான் எண்ணுறேன்."

ஒன்பது தடவை அழுத்தினார். மெஷின் அதே நானூற்று ஐம்பத்தாறைப் போட்டு, அடியில் 'இயல்பு' என்று எழுதித் துப்பியது.

விஷயம் கேட்டு வந்த மருந்தக டாக்டருக்கு முகம் கறுத்துவிட்டது. மேல் மூலையைப் படிக்காமல் கையெழுத்து போட்டது தானும்தான் என்று அவருக்குத் தெரியும். மன்னிப்புக் கேட்டார். எல்லோருக்கும் மறுபடி எடுக்கச் சொன்னார். ஃபோர்மேனை முதல் ஆளாக வரிசையில் நிறுத்தச் சொன்னதில் எனக்கு அற்ப சந்தோஷம். பிறகு புதிதாக ஒரு சட்டமும் போட்டார். "இனிமே அவங்கவங்க தாளை அவங்கவங்களே மேல இருந்து கீழ வரைக்கும் படிச்சுப் பார்த்து, சரின்னு கையெழுத்து போடணும். அதுக்கப்புறம்தான் நான். இந்தாங்கம்மா, நீங்கதான் முதல்."

அக்கா தாளை வாங்கினாள். கையை நீட்டினாள். இன்னும் நீட்டினாள். தலையைப் பின்னால் சாய்த்தாள். டாக்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் காது சிவந்ததை நான் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு வருஷமாக அவள் வீம்பு பிடித்தது அழகுக்காக இல்லை. கண்ணாடி போட்டால் மேலே விடமாட்டார்கள் என்று பயந்திருக்கிறாள். அந்தப் பயத்தில்தான் முதல் நாளே கையில் வாங்கிய தாளின் மூலையை அவளே படிக்க முடியாமல் போயிருக்கிறது. படித்திருந்தால் அன்றைக்கே பிளாஸ்டரை உரித்திருப்பாள்.

இவ்வளவு வாயாடியான என் அக்கா என் பக்கம் திரும்பி, உதட்டை அசைக்காமல், "எடு" என்றாள்.

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டாள்.

"கிட்டத்துக்கா?" என்று கேட்டார் டாக்டர்.

"ஆமா." அவள் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "இதுக்கும் கீழ இறக்கிடுவீங்களா?"

"படிக்கிறதுக்குப் போடுற கண்ணாடிக்கா? கிரேனுக்குத் தூரப் பார்வைதான்மா கணக்கு. அது உங்களுக்குப் பருந்து மாதிரி இருக்குன்னு ஃபைலே சொல்லுது. இந்தக் கண்ணாடி அங்க பாதிப் பேர்கிட்ட இருக்கு. ஃபோர்மேன்கிட்டகூட இருக்கு."

அக்கா என்னை முறைத்தாள், ஏதோ இது என் தப்பு என்பது போல. பிறகு தாளைச் சாதாரணமாக, நெஞ்சுக்கு முன்னால் பிடித்து, சத்தமாகப் படித்தாள். "பாலினம், பெண். வயது, நாற்பத்து நான்கு." கையெழுத்து போட்டாள். இன்னொரு தடவை படித்தாள். அதில் படிக்க வேறு ஒன்றும் இல்லை, இருந்தாலும் படித்தாள்.

அந்த இதய டாக்டர் ஒரு காகிதம் கேட்டிருந்தார். ஆராய்ச்சிப் படிவத்தில் யார் முதலில் பிறந்தது என்று ஒரு கட்டம் இருக்கிறதாம். ஆஸ்பத்திரியில் அன்று கொடுத்த பிரசவச் சீட்டு இருந்தால் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். கிரேன் ஒப்படைப்பு நாள் காலையில் அம்மா பீரோவின் அடியிலிருந்து, நாற்பத்து நான்கு வருஷமாக வெளியே வராத ஒரு பழுப்புக் காகிதத்தை எடுத்து அக்காவிடம் கொடுத்தாள். அவள் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். புதுக் கிரேனில் அன்று அவளுக்கு முதல் நாள்.

மதியம் கடைக்குப் போன் வந்தது. பின்னால் சத்தமே இல்லை. கேபினிலிருந்து பேசுகிறாள் என்று தெரிந்தது.

"டேய். அந்தச் சீட்டு இருக்கே."

"ஆமா?"

"கண்ணாடி போட்டுக்கிட்டு இப்பத்தான் படிச்சேன்." நிறுத்தினாள். "ஆண் குழந்தை பத்து மணி அஞ்சு நிமிஷம்னு போட்டிருக்கு. பெண் குழந்தை பத்து இருபத்திரண்டு."

கையிலிருந்த ஃபிரேமைக் கீழே வைத்தேன். ஜன்னலோர சீட், கேக்கின் பெரிய துண்டு, நாற்பத்து நான்கு வருஷக் குளியலறை, ஒரு பால் பல், எல்லாம் வரிசையாக வந்து எதிரே நின்றன. வாயைத் திறந்தேன். அவள் காத்துக்கொண்டிருப்பது போனில் கேட்டது. அன்று என் கடை நாற்காலியில் உட்கார்ந்து, அடுத்த அடி வருமா என்று காத்துக்கொண்டிருந்தாளே, அதே மௌனம்.

"எழுதினவங்க மாத்தி எழுதியிருப்பாங்க, இல்ல?" என்றாள் அவளே. "அங்கயும் ஆண்தான் முதல்னு போட்டு பிளாஸ்டர் ஒட்டி வச்சிருப்பாங்க."

"அப்படித்தான் இருக்கும்க்கா" என்றேன்.

"டாக்டருக்கு என்ன அனுப்புறது?"

"டாக்டருக்கு உள்ளதை அனுப்பு. அது ஆராய்ச்சி. வீட்டுக்குள்ள நீதான் அக்கா."

பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "சரி, சரி. இந்தக் கண்ணாடி மூக்குல நழுவுது. என்னத்தைச் செய்யிறியோ. சாயங்காலம் வர்றேன், சரி பண்ணி வை" என்று அதட்டிவிட்டுப் போனை வைத்தாள்.

மறுநாள் காலையில் முதல் குளியல் அவள்தான். அரை மணி நேரம் கதவுக்கு வெளியே துண்டோடு நின்றேன்.